எந்த மருந்துக்கு எவ்வளவு அஞ்சுவது? முடக்குவாதச் சிகிச்சையின் பக்கவிளைவுகள் பற்றிய விவாதங்கள்

முடக்குவாதத்துக்கு மருந்து எழுதி முடித்ததும் மருத்துவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “இதைச் சாப்பிட்டால் வேறு ஏதாவது வந்துவிடாதா?” ஆயுள் முழுக்க நீடிக்கக்கூடிய நோய், ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரை என்றான பிறகு இப்படிக் கேட்காமலிருந்தால்தான் வியப்பு. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளின் உட்சவ்வையே பகையாகக் கொண்டு தாக்குவது முடக்குவாதம். அந்த ஆற்றலைத் தணிப்பதுதான் சிகிச்சையின் அடிப்படை. தணித்தால் கிருமிகளுக்கு வழி திறக்கலாம். தணிக்காமல் விட்டால் விரல்கள் கோணுகின்றன, மணிக்கட்டு இறுகுகிறது, மாரடைப்புக்கும் எலும்பு மெலிவுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே மருந்தின் தீங்கைப் பேசும்போது நோயின் தீங்கையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நூறாண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு தலைமுறை சொன்னதை அடுத்தது திருத்தியிருக்கிறது. அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது, மக்கள் எந்த மருந்துக்கு அதிகம் அஞ்சுகிறார்களோ அதுதான் அதிகத் தீங்கு செய்வது என்று சொல்ல இயலவில்லை. சில இடங்களில் நிலைமை தலைகீழாக இருக்கிறது.

தங்கமும் கார்ட்டிசோனும் விட்டுச்சென்றவை

1929இல் பிரெஞ்சு மருத்துவர் ழாக் ஃபொரஸ்தியே, தங்க உப்பு ஊசிகள் முடக்குவாதத்தில் பலன் தருவதாக எழுதினார். காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தங்கச் சேர்மம் தடுக்கிறது என்று ராபர்ட் கோக் 1890இல் சொல்லியிருந்தார். முடக்குவாதமும் காசநோயோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்பது அந்நாளைய ஊகம். ஊகம் பிழை, ஆனாலும் மருந்து ஓரளவு வேலை செய்தது. கூடவே தோல் தடிப்பும் வாய்ப்புண்ணும் சிறுநீரில் புரதமும், அரிதாக எலும்பு மஜ்ஜை ஒடுங்குவதும் வந்தன.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச்சும் அவருடைய குழுவினரும், மூட்டுகள் இறுகி நகர முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசு வந்தது. அதற்குள்ளாகவே மறுபக்கமும் தெரிந்துவிட்டது: முகம் உப்பியது, எலும்பு நொறுங்கியது, சிலருக்கு மனம் குழம்பியது, மருந்தை நிறுத்தினால் நோய் மூர்க்கமாகத் திரும்பியது. அன்று கொடுத்த அளவு இன்றையதைவிடப் பல மடங்கு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

இந்த இரண்டு அனுபவங்களும் மருத்துவர்களை எச்சரிக்கையாளர்களாக்கின. முதலில் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை, ஓய்வு. அது போதாவிட்டால்தான், அதுவும் பல மாதமோ ஆண்டோ கழித்து, வலுவான மருந்து. பிரமிடு முறை என்று அழைக்கப்பட்ட இது 1980களின் இறுதி வரை கோலோச்சியது. வலி மாத்திரை பாதுகாப்பானது, நோயையே மாற்றும் மருந்துகள் ஆபத்தானவை என்ற நம்பிக்கைதான் இதன் அடித்தளம். எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது என்று எக்ஸ்ரே படங்கள் காட்டிய பிறகு, காத்திருந்ததே பலரின் கைகளைக் கெடுத்தது என்பது தெளிவானது. அடித்தளமும் ஆட்டம் கண்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபிரைஸும் உடனிருந்தோரும் 1990களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளிலிருந்து ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு தீங்கு மதிப்பெண் கணக்கிட்டார்கள். சில வலி மாத்திரைகளின் மதிப்பெண், ஆபத்தானவை என்று ஒதுக்கப்பட்ட மருந்துகளுக்கு இணையாக இருந்தது.

வலி மாத்திரை என்னும் பழகிய முகம்

ஃபிரைஸின் கணக்கு அன்றாட வழக்கத்தை அதிகம் மாற்றியதாகத் தெரியவில்லை. நம் ஊர் மருந்துக்கடையில் மூட்டுவலி என்று சொன்னால் டைக்ளோஃபெனாக் அட்டை கைக்கு வந்துவிடுகிறது. சீட்டு கேட்பவர்கள் குறைவு. இரைப்பைப் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகிய மூன்றும் இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ உள்ள முதியவர் ஆண்டுக்கணக்கில் இவற்றை விழுங்கும்போது சிறுநீரகம் வலியில்லாமல், அறிகுறியில்லாமல் தளர்கிறது. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அவற்றின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்ததால் 2006இல் இந்திய அரசு அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடைசெய்தது. மனிதருக்கும் கழுகுக்கும் உடல் வேறு, அளவு வேறு. எனினும் அதே மருந்து மனிதர்களுக்கு எளிதில் கிடைப்பதைப் பற்றி அந்த அளவுக்குக் கவலை எழாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இரைப்பையைக் காக்கவென்று வந்த புதிய தலைமுறை வலி மாத்திரைகளின் கதை இன்னும் கனமானது. அவற்றில் ஒன்றான ரோஃபெகாக்சிபைப் பழைய நேப்ராக்ஸனோடு ஒப்பிட்ட ‘விகோர்’ ஆய்வில் 8,000க்கும் மேற்பட்ட முடக்குவாத நோயாளிகள் இருந்தார்கள். 2000இல் வெளியான முடிவில் இரைப்பைச் சிக்கல்கள் உண்மையிலேயே குறைந்திருந்தன. மாரடைப்பு மட்டும் நேப்ராக்ஸன் பிரிவில் 0.1 சதவீதம், ரோஃபெகாக்சிப் பிரிவில் 0.4 சதவீதம். ஆய்வாளர்கள் இதை நேப்ராக்ஸன் இதயத்தைக் காக்கிறது என்று விளக்கினார்கள். மருந்துப்போலி எடுத்த பிரிவு ஆய்வில் இல்லாததால் அந்த விளக்கத்தை உடனே மறுக்கவும் வழியில்லாமல் போனது. மருந்துப்போலியோடு ஒப்பிட்ட வேறொரு ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியது தெரிந்த பிறகே, 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் நிறுவனம் அந்த மருந்தை உலகெங்கும் திரும்பப் பெற்றது. விகோர் கட்டுரையில் மூன்று மாரடைப்புகள் சேர்க்கப்படவில்லை என்று, அதை வெளியிட்ட இதழே 2005இல் கவலை தெரிவித்தது.

2013இல் பல நூறு ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு, அதிக அளவு டைக்ளோஃபெனாக்கின் இதய ஆபத்து புதிய வகை மாத்திரைகளுக்கு நிகரானது என்று காட்டியது. 2016இல் வெளியான ‘பிரெசிஷன்’ ஆய்வோ, புதிய வகையைச் சேர்ந்த செலெகாக்சிப், மிதமான அளவில், பழைய மாத்திரைகளைவிட இதயத்துக்கு மோசமில்லை என்றது. ஆனால் அந்த ஆய்வில் முடக்குவாத நோயாளிகள் பத்தில் ஒருவர்தான். பாதிக்கும் மேற்பட்டோர் மாத்திரையை இடையில் நிறுத்திவிட்டார்கள். எனவே அதை வைத்து உறுதியாகத் தேற முடியாது. வலி மாத்திரை மூட்டழிவைத் தடுப்பதில்லை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

ஸ்டீராய்டு: சிறிய அளவு, நீண்ட காலம்

கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன், ஒரு நாளைக்கு 5 மி.கி. அளவில், தீங்கற்றதா? இதில் இரு முகாம்கள் உள்ளன. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2021 வழிகாட்டுதல், குறுகிய காலத்துக்குக்கூட இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் 2022 பரிந்துரை, மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை பாலமாகப் பயன்படுத்தி, விரைவில் குறைத்து நிறுத்தலாம் என்கிறது. இடையில் வந்தது ‘குளோரியா’ ஆய்வு. 65 வயதைத் தாண்டிய 451 பேருக்கு இரண்டு ஆண்டுகள் 5 மி.கி. அல்லது மருந்துப்போலி கொடுத்தார்கள். கவனத்துக்குரிய பக்கவிளைவு ஏதேனும் ஒன்று ஸ்டீராய்டு பிரிவில் 60 சதவீதத்தினருக்கும் மற்றதில் 49 சதவீதத்தினருக்கும் வந்தது. கூடுதலாக வந்தவற்றில் பெரும்பகுதி கடுமையில்லாத தொற்றுகள். மூட்டுகள் தெளிவாகவே நலமடைந்தன.

இதைச் சிலர் சிறிய விலை என்கிறார்கள். இரண்டு ஆண்டு ஆய்வு இருபது ஆண்டுப் பயன்பாட்டைப் பற்றி என்ன சொல்லும் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியே எனக்கு வலுவாகப் படுகிறது. கண்புரையும் எலும்பு மெலிவும் சர்க்கரையும் நிதானமாகச் சேர்பவை. நம் சூழலில் இன்னொன்றும் உண்டு. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிட்டவர், பக்கவிளைவு என்று யாரோ சொல்லக் கேட்டுத் திடீரென நிறுத்திவிடுவதுண்டு. அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும் நிலையில் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த வழிகாட்டுதல் சரி என்ற விவாதம் இந்த நோயாளியைத் தொடுவதில்லை.

மெத்தோட்ரெக்சேட்: அச்சம் குவியும் இடம்

இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்ப்பவர் முதலில் காண்பது ‘புற்றுநோய் மருந்து’ என்ற சொல். அது பொய்யல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமில எதிர்ப்பிகளை உருவாக்கும் பணியை வழிநடத்தினார். சிட்னி ஃபார்பர் அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு குழந்தைகளின் ரத்தப் புற்றை முதன்முதலாகத் தணித்து 1948இல் வெளியிட்டார். 1951இல் ரிச்சர்ட் குப்னர் அதே மருந்து முடக்குவாதத்திலும் பலன் தருவதாகக் கண்டார். கார்ட்டிசோனின் பிரகாசத்தில் அது கவனிக்கப்படவில்லை. அதன் உறவு மருந்தான மெத்தோட்ரெக்சேட் 1980களில் முறையாகச் சோதிக்கப்பட்டு, 1988இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. புற்றுநோய்க்குக் கிராம் கணக்கில்கூடக் கொடுக்கப்படும் மருந்து, முடக்குவாதத்துக்கு வாரம் 7.5 முதல் 25 மி.கி. வரைதான். இந்த அளவு வேறுபாட்டை நோயாளிக்கு யாராவது உட்கார்ந்து விளக்கினால் பாதி அச்சம் தீரும்.

மீதிப் பாதிக்கு ஆதாரம் உண்டா? கல்லீரல் பழுதாகும் என்பது பழைய முதன்மைக் குற்றச்சாட்டு. இந்த மருந்தை எடுத்த சோரியாசிஸ் நோயாளிகளுக்குக் கல்லீரலிலிருந்து திசு எடுத்துச் சோதிக்கும் வழக்கமே இருந்தது. முடக்குவாதத்தில் அது தேவையில்லை, சீரான ரத்தப் பரிசோதனை போதும் என்று அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 1994இல் முடிவுசெய்தது. நுரையீரல் தழும்பை இது மோசமாக்கும் என்ற கருத்தும் பல காலம் நிலவியது. திடீரென வரும் நுரையீரல் அழற்சி உண்மையானது, ஆனால் அரிது. மெல்ல உருவாகும் தழும்புக்கு மருந்தைவிட முடக்குவாதமே காரணமாக இருக்கலாம் என்றும், மருந்து எடுப்பவர்களிடம் அது தாமதமாகவே தோன்றுகிறது என்றும் அண்மைய ஆய்வுகள் சுட்டுகின்றன. இவை பின்தொடர் ஆய்வுகள். நுரையீரல் பலவீனமானவர்களுக்கு மருத்துவர்கள் முன்பே இந்த மருந்தைத் தவிர்த்திருக்கலாம் என்பதால் முடிவு சாய்ந்திருக்க வாய்ப்புண்டு. 2002இல் லான்செட் இதழில் வந்த, மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது என்ற ஆய்வுக்கும் இதே ஐயம் பொருந்தும்.

மருந்தின் தனித் தீங்கை அறிய இதுவரை கிடைத்த ஆகச் சிறந்த சான்று, முடக்குவாதமே இல்லாதவர்களிடமிருந்து வந்தது. இதயநோயைத் தடுக்குமா என்று பார்க்க 4,786 பேருக்குச் சிறிய அளவு மெத்தோட்ரெக்சேட் அல்லது மருந்துப்போலி கொடுத்த ‘சர்ட்’ ஆய்வு, இதய விஷயத்தில் பலன் காணவில்லை. பக்கவிளைவுத் தரவுகள் 2020இல் தனியாக வெளியாயின. ஏதேனும் ஒரு பக்கவிளைவு மருந்துப் பிரிவில் 87 சதவீதத்தினருக்கு, மருந்துப்போலிப் பிரிவில் 81.5 சதவீதத்தினருக்கு. கல்லீரல் நொதி உயர்வு, ரத்த அணுக் குறைவு, தொற்று, வயிற்றுத் தொல்லை ஆகியவை கூடின. சில வகைத் தோல் புற்றுகளும் கூடின. வெறும் சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களிடமே ஐந்தில் நால்வருக்கு ஏதோ ஒன்று வந்திருப்பது, ஒவ்வொரு உபாதையையும் மருந்தின் தலையில் ஏற்றக் கூடாது என்று காட்டுகிறது. குறையும் உண்டு: தொடக்கச் சில வாரங்களில் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆய்வுக்கு முன்பே விலக்கப்பட்டார்கள். குமட்டலால் கைவிடுபவர்களின் நிஜ எண்ணிக்கை இதில் பதிவாகவில்லை.

நடைமுறையில் இந்த மருந்தால் நேரும் பெருந்தீங்குகளில் ஒன்று அளவுப் பிழை. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள். அதன் தொல்லையைக் குறைக்கக் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் மற்ற நாள்களில். இரண்டுமே பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைகள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுவிட்டால் பார்வை மங்கியவருக்கு வேறுபாடு தெரியாது. தினமும் மாத்திரை போட்டுப் பழகிய வீட்டில் வாரம் ஒருமுறை என்பது எளிதில் தினம் ஒருமுறை ஆகிவிடுகிறது. ஒரு வாரம் பத்து நாளிலேயே வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சல் கண்டு, வெள்ளை அணுக்கள் சரிந்து மருத்துவமனைக்கு வருகிறார்கள். சிறுநீரகம் தளர்ந்தவர் என்றால் உயிர் பிழைப்பதே கடினம். இப்படி நேர்ந்த இறப்புகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. சீட்டில் கிழமையை எழுத்தால் எழுதுவதும், ஒரே வலிமை மாத்திரையை மட்டும் தருவதும், ஒரு மாதத்துக்கு மேல் மொத்தமாகத் தராமலிருப்பதும் செலவில்லாத தடுப்புகள்.

கருவுற விரும்பும் பெண்களுக்கு மெத்தோட்ரெக்சேட்டும், முடக்குவாதத்துக்கான மற்றொரு மருந்தான லெஃப்ளூனோமைடும் கூடாது, இதில் விவாதமில்லை. முடக்குவாதம் பெண்களையே ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் தாக்குகிறது. புதிதாக மணமான பெண், மாமியார் முன்னிலையில் நடக்கும் ஆலோசனையில் குழந்தை பற்றிய பேச்சை எடுக்கத் தயங்குவார் என்பதை மருத்துவர்தான் உணர வேண்டும்.

சற்றே அமைதியான மருந்துகள்

ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசைன் இரண்டும் கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடியவை என்பதால் நற்பெயர் பெற்றவை. முன்னது கண்ணின் விழித்திரையைப் பாதிக்கலாம். உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மிகாமல் எடுத்தால் முதல் பத்தாண்டுகளில் அந்த ஆபத்து 2 சதவீதத்துக்கும் குறைவு. இருபதாண்டு தாண்டினால் ஏறத்தாழ 20 சதவீதம் என்கிறது 2014இல் வந்த அமெரிக்க ஆய்வு. 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு எல்லோரையும் போல 400 மி.கி. எழுதினால் வரம்பைப் போல இரு மடங்காகிவிடும். நம் ஊரில் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

உயிரியல் மருந்துகளும் காசநோயும்

அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை முடக்கினால் மூட்டு தணியும் என்று லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் 1990களில் நிறுவினார்கள். அதே புரதம்தான் நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி அரண் கட்டி வைக்கிறது. 2001இல் வெளியான அறிக்கை, இந்தப் புரதத்தை முடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்ததைப் பதிவுசெய்தது; அவர்களில் 48 பேருக்கு மூன்று ஊசிகளுக்குள்ளாகவே வந்துவிட்டது, 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே. ஸ்பெயினில் தொடக்கச் சோதனையைக் கட்டாயமாக்கியபின் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. இதே வகை மருந்துகளில் எட்டனெர்செப்ட்டைவிட இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் ஆகியவற்றில் ஆபத்துக் கூடுதல் என்று பிரிட்டனின் நோயாளிப் பதிவேடு காட்டியது.

புற்றுநோய் அச்சம் வேறு வழியில் சென்றது. 2006இல் ஒரு தொகுப்பாய்வு புற்று மூன்று மடங்கு கூடுவதாகச் சொல்லி அதிர்ச்சி தந்தது. சுவீடன், பிரிட்டன், ஜெர்மனிப் பதிவேடுகளில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது ஒட்டுமொத்தப் புற்று அப்படிக் கூடவில்லை. தோல் புற்று பற்றி மட்டும் ஐயம் நீடிக்கிறது. முதல் ஆய்வில் புற்றுகளின் எண்ணிக்கையே சிறியது என்பதால் அந்த மதிப்பீடு நிலையற்றதாக இருந்திருக்கலாம்.

இந்தியாவுக்கு உறுத்தும் கேள்வி காசநோய்தான். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இங்கிருக்கிறார். தோலடி ஊசிச் சோதனையான மான்டூ இங்கே குழப்பமாகவே பதில் சொல்கிறது. பி.சி.ஜி. தடுப்பூசியும் மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகளும் பொய்யாக ஆம் என்று சொல்லவைக்கும். ஸ்டீராய்டு பொய்யாக இல்லை என்று சொல்லவைக்கும். 1968இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கிய பெரும் பி.சி.ஜி. ஆய்வு எதிர்பார்த்த பாதுகாப்பைக் காட்டாததற்குக் கூறப்படும் விளக்கங்களில் ஒன்றும் அந்தச் சூழல் கிருமிகள்தான். ரத்தச் சோதனை ஓரளவு துல்லியமானது, விலையும் கூடியது. எல்லாம் சரியாக இருந்தாலும், சிகிச்சை தொடங்கிய மறுமாதமே நெரிசலான பேருந்தில் புதிதாகத் தொற்றலாம். ஐரோப்பிய நெறிமுறைகள் உறங்கும் கிருமியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புதுத் தொற்று அன்றாடமான நாட்டுக்கு அவை போதுமா என்பது தெளிவாகவில்லை.

ஜேக் தடுப்பான்கள்: எதோடு ஒப்பிடுவது?

ஜேக் தடுப்பான் வகையைச் சேர்ந்த டோஃபாசிடினிப் மாத்திரையை எஃப்.டி.ஏ. 2012இல் அனுமதித்தது, ஐரோப்பிய அமைப்பு 2013இல் மறுத்து, 2017இல்தான் ஏற்றது. எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டபடி நடந்த ‘ஓரல் சர்வைலன்ஸ்’ ஆய்வில், 50 வயதைத் தாண்டி இதய ஆபத்து ஏதேனும் ஒன்றாவது உள்ள 4,362 பேர் சேர்ந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரும் இதய நிகழ்வுகள் டோஃபாசிடினிப்பில் 3.4 சதவீதம், டி.என்.எஃப். தடுப்பானில் 2.5. புற்றுநோய் 4.2, மற்றதில் 2.9. எஃப்.டி.ஏ. 2021இல் கடும் எச்சரிக்கையை மூட்டழற்சிக்குத் தரப்படும் இந்த வகை மருந்துகளுக்கும் விரித்தது.

ஒரு தரப்பு, மருந்து தீங்கானது என்கிறது. மற்றொரு தரப்பு, டி.என்.எஃப். தடுப்பான் இதயத்தைக் காப்பதால்தான் இது மோசமாகத் தெரிகிறது என்கிறது. விகோர் ஆய்வுக்குச் சொன்ன அதே விளக்கம் மீண்டும் வருவதால் அதை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஆனால் அழற்சி தணிந்தால் மாரடைப்பு குறையும் என்பதற்கு வேறு சான்றுகள் இருப்பதால் தள்ளவும் முடியவில்லை. கூடுதல் தீங்கு பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களிடமும் புகைபிடித்தவர்களிடமும் குவிந்திருந்தது என்று பின்னர் செய்த பகுப்பாய்வு காட்டுகிறது. இளம் பெண் நோயாளிக்கு இந்த எச்சரிக்கை எவ்வளவு பொருந்தும் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. இந்திய நிறுவனங்கள் மலிவாகத் தயாரிப்பதால், ஊசி மருந்து வாங்க இயலாதவர்களுக்கு இங்கே இதுவே அடுத்த படியாகிவிடுகிறது. அக்கி அம்மை இதில் கூடுகிறது. ஆசிய நோயாளிகளிடம் இன்னும் அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்தது.

மாற்று என்று நம்பப்படுபவை

அலோபதிக்கு அஞ்சி நாட்டு மருந்துக்குப் போவோர் பலர். சித்த மரபு மருந்தின் நஞ்சை நன்கறிந்த மரபு. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் கொடுப்பதில்லை, பத்தியமும் சொல்லும். முறையாகப் பயின்ற சித்த மருத்துவரின் கவலையும் இதுவே: முத்திரையில்லாத பொடிகள். மூட்டுவலிக்கென விற்கும் மூலிகைப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு சொன்னது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

தீராதிருப்பவை

கிடைத்துள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், சீரான ரத்தப் பரிசோதனையோடு எடுக்கும் மெத்தோட்ரெக்சேட், கண்காணிப்பில்லாத வலி மாத்திரையையும் ஸ்டீராய்டையும் விடப் பாதுகாப்பானதாகவே தோன்றுகிறது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து யாரும் சோதித்ததில்லை, சோதிக்கவும் முடியாது என்பதால் இதை இதற்குமேல் அழுத்திச் சொல்வதற்கில்லை. பரிசோதனைக்கு மூன்று மாதத்துக்கொருமுறை ஒருநாள் கூலியை இழந்து நகரத்துக்கு வர வேண்டிய நோயாளிக்கு இந்த ஒப்பீடு எந்த அளவுக்குச் செல்லும் என்பதும் தனிக் கேள்வி.

நோய் முற்றிலும் தணிந்தவருக்கு மருந்தைக் குறைக்கலாமா என்பதிலும் தெளிவில்லை. படிப்படியாகக் குறைத்தவர்களில் பலருக்கு நோய் திரும்பியது, சிலருக்குத் திரும்பவில்லை. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டி அறிய நம்பகமான சோதனை இன்னும் இல்லை. இந்தியாவில் 2010 முதல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இயங்குகிறது. மருத்துவர்களும் நோயாளிகளும் தாமாக அனுப்பும் அறிக்கைகளே அதன் ஆதாரம் என்பதால் எத்தனை பேருக்குத் தீங்கு நேர்ந்தது என்று ஓரளவு தெரியும். எத்தனை பேர் எடுத்ததில் என்பது தெரியாது. ஐரோப்பியப் பதிவேடுகளைப் போல, மருந்து தொடங்கும் நாளிலிருந்தே ஒவ்வொருவரையும் பெயரிட்டுப் பின்தொடரும் ஏற்பாடு பரவலாகும்வரை, மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஊசி தொடங்கும் ஒருவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பை மருத்துவர் ஸ்பெயின் நாட்டு எண்களைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கும்.